செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம்

ஆகஸ்ட் 3

அன்புள்ள ஊர்சுற்றிக்கு,

நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. சரியாகச் சொன்னால், இருக்கிறோம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி மாடிப்படியில் மட்டும்தான். வாய்க்கு எந்த வலியும் இல்லை. எனக்குக் கண்ணாடியின் பவர் கூடியிருக்கிறது. நீ நலமா என்பதை இந்த முறை உன் கடிதத்திலிருந்து தெரிந்துகொள்ளப் போவதில்லை.

நான் வருகிறேன்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து பார்த்தபோதும் வாக்கியம் அப்படியே இருந்தது. ஆகவே தொடர்கிறேன்.

அக்டோபர் கடைசியில், ஆறு நாள், சுற்றுலாப் பயணியாக. வேலைச் சான்றிதழும் விடுப்புக் கடிதமும் முதலாளியே தருகிறார். நம் கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் விட்டது இப்போதுதான் உதவுகிறது. பாஸ்போர்ட்டில் நான் இன்னும் கல்யாணமாகாதவள். விண்ணப்பத்தில் "அந்த நாட்டில் உறவினர் உண்டா" என்று ஒரு கட்டம். "இல்லை" என்று எழுதினேன். நானூறு பேருக்கு அதே கட்டத்தை நிரப்பிக் கொடுத்த கை.

முதலாளி என் விண்ணப்பத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏம்மா, போறதுக்கு மட்டுமா, திரும்பி வர்றதுக்கும் சேர்த்தா திட்டம்?" என்றார். ஆறாம் நாள் மாலை விமானம் என்று காட்டினேன். "உன் வீட்டுக்காரனுக்கும் ஒன்பதாம் நாள் விமானம்னுதான் நீ டைப் அடிச்சே" என்றார். விண்ணப்பத்தை வாங்கி உறையில் போட்டேன்.

அந்த ஒன்பது நாள் திட்டத்தை இப்போது நினைத்துக்கொள்கிறேன். நாம் இருவரும் சேர்ந்து போட்டது. ஒன்பதாம் நாள் நீ விமான நிலையத்துக்குப் போக மாட்டாய் என்பது தாளில் இல்லாத பகுதி. இரண்டு வருடத்தில் தங்குவதற்குக் காகிதம் கிடைத்துவிடும், உன்னைக் கூப்பிட்டுக்கொள்வேன் என்றாய். ஆறு வருடம் ஆகிறது. முதலில் தொலைபேசியில் பேசினாய். பிறகு, என் குரல் கேட்டால் இரண்டு நாள் வேலை ஓடவில்லை, கடிதமே போதும் என்றாய். கடிதமே போதும் என்று நானும் சொல்லிக்கொண்டேன்.

இங்கே அலுவலகத்தில் மாறியது ஒன்றுமில்லை. கீழே போட்டோ ஸ்டுடியோ, மேலே விசா விண்ணப்பம் எழுதிக் கொடுக்கும் நாங்கள். ஏறி வருகிறவர்கள் பாதிப் படியிலேயே தலைசீவிக்கொள்வார்கள். கீழே படம், மேலே படிவம். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவர்களுக்குப் பயணத் திட்டம் தட்டச்சு செய்கிறேன். முதல் நாள் காலை அரண்மனைத் தோட்டம். எந்த ரயில் நிலையத்தில் இறங்குவது, எத்தனை நிமிட நடை. இரண்டாம் நாள் ஆற்றில் படகு. தூதரகத்தில் கேட்பார்கள் என்பதால் ஒப்பிக்கவும் வைக்கிறேன். எங்களிடம் இருப்பது ஐரோப்பியத் தலைநகரங்களைப் பற்றிய ஒரே ஒரு வழிகாட்டிப் புத்தகம். அட்டை போய்விட்டது. உன் ஊர் இருக்கும் பக்கங்கள் மட்டும் விரல் பட்டுக் கறுத்திருக்கின்றன. யாரும் வேறு ஊர் கேட்பதில்லை.

போனவர்களில் எத்தனை பேர் அரண்மனைத் தோட்டத்தை உண்மையில் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் வந்து சொன்னதில்லை. நீ ஒருவன்தான் பார்த்ததை எழுதினாய்.

அதனால் என் திட்டத்தைப் புத்தகத்திலிருந்து எடுக்கப்போவதில்லை. உன் கடிதங்களிலிருந்து எடுக்கப்போகிறேன். நீ நின்ற பாலத்தில் நிற்க வேண்டும். நீ உட்கார்ந்த படிக்கட்டில் உட்கார வேண்டும். எந்த இடத்தில் எந்த நேரத்தில் உன்னைப் பார்க்கலாம் என்று மட்டும் எழுது. பார்த்துக்கொள்ளாதவர்கள் போலப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார வேண்டுமானாலும் சரி.

அத்தை நம்ப மாட்டேன் என்கிறாள். "புருஷனைப் பாக்கப் போறவ படகு, தோட்டம்னு லிஸ்ட் போடறா பாரு. இதுல அவனை நீ வா போன்னு வேற எழுதுவா" என்று அடுப்படியிலிருந்து சொல்கிறாள், எனக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே. பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "போய் அவனைத் தொட்டுப் பாத்துட்டு வா. கடுதாசி யாரு வேணா எழுதலாம்" என்றாள்.

ஒன்றைத் தெளிவாக எழுதிவிடுகிறேன். நான் தங்க வரவில்லை. உன்னை அழைத்து வரவும் வரவில்லை. நமக்கு இருப்பது கல்யாணமா, தபாலா என்று தெரிந்துகொள்ள வருகிறேன். ஆறு நாள் போதும். எதிரில் உட்கார்ந்தால் ஆறு நிமிடத்திலேயே தெரிந்துவிடும். மிச்ச நாட்களில் ஊர் பார்க்கலாம்.

இடமும் நேரமும் எழுது.

இப்படிக்கு,
உன் தட்டச்சுக்காரி


செப்டம்பர் 2

அன்புள்ள ஊர்சுற்றிக்கு,

உன் கடிதம் வந்தது. வழக்கம்போல உறையில் உன் நண்பன் தடியனின் கையெழுத்து, உள்ளே உன்னுடையது. அவன் தபால் நிலையம் வழியாக வேலைக்குப் போகிறவன், நீ கொடுத்து அனுப்புகிறாய் என்று எழுதியிருந்தாய். அவனுக்கு என் நன்றியைச் சொல். ஆறு வருடமாக ஒருவர் வீட்டுக் கடிதத்தை இன்னொருவர் சுமப்பது சின்ன வேலையில்லை.

வராதே என்கிறாய். குளிர் தாங்காது. அறையில் ஒன்பது பேர். சுற்றுலாப் பயணிகளை நிறுத்திச் சோதனை செய்கிறார்கள். உனக்கு வேலை மாறும் நேரம். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது. அடுத்த வருடம் நிச்சயம் நல்லது. ஏழாவது காரணம் மழை. காரணங்களை எண்ணினேன், தப்பாக நினைக்காதே, வேலைப் பழக்கம். விண்ணப்பத்தோடு ஒருவர் ஏழு சான்றிதழ் கொண்டு வந்தால் முதலாளி சொல்வார்: "ஒண்ணு உறுதியா இருந்தா ஒண்ணுதான் கொண்டுவந்திருப்பான்."

குளிருக்குக் கம்பளிச் சட்டை வாங்கிவிட்டேன். அம்மாவைப் பக்கத்து வீட்டு ஆசிரியை பார்த்துக்கொள்வாள். உன் அறைக்கு நான் வரப்போவதில்லை. மழைக்குக் குடை இருக்கிறது. நீ எழுதாத காரணத்துக்கு மட்டும் என்னிடம் ஏற்பாடு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் உன் கடிதங்களை எல்லாம் கட்டிலில் பரப்பினேன். நாற்பத்தொன்று. தேதி வாரியாக அடுக்கி அத்தைக்கு உரக்கப் படித்தேன். தோட்டம் வந்தது, படகு வந்தது, குன்றின் மேலிருக்கும் தேவாலயம் வந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். தூங்கிவிட்டாள் என்று நிறுத்தினால், "படி, படி" என்றாள். கடைசியில் ஒன்று சொன்னாள். நீ எட்டாவது படிக்கும்போது, தெருவில் எல்லோரும் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தார்களாம். உன்னை மட்டும் அனுப்பவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் அந்தப் படத்தின் கதையை நீதான் எல்லோருக்கும் சொன்னாயாம், சண்டைக் காட்சியோடு. "பாத்தவனுங்களே வாயைப் பொளந்து கேட்டானுங்க" என்று சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, தோட்டம் வரும் கடிதத்தை இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

நீ இதுவரை அனுப்பியது ஒரே ஒரு புகைப்படம். பின்னால் ஒரு சுவர். வெள்ளைச் சுவர், எந்த ஊரிலும் இருக்கும். பெரிதாக்கிச் சட்டம் போடலாம் என்று ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்தேன். அவர் விளக்கருகில் பிடித்துப் பார்த்தார். "இது வெயில்ல எடுத்ததில்லம்மா. ட்யூப்லைட். மூக்குக்குக் கீழ நிழலே விழல பாரு. உன் வீட்டுக்காரர் வெளிய வர்றதே இல்லியா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். சட்டம் நன்றாக வந்திருக்கிறது.

திட்டத்துக்கு வருகிறேன். ஐந்து நாட்களை முடித்துவிட்டேன். நான்காம் நாள் மட்டும் பாக்கி. அது அருங்காட்சியகத்துக்கு. உன் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், உனக்குத் தெரியும். மூன்றாவது வருடம் மார்ச் மாதம் எழுதினாய்: "செவ்வாய்க்கிழமை விடுமுறை கிடைத்தது. அருங்காட்சியகம் போனேன். கூட்டமே இல்லை. ஒரு படத்தின் முன்னால் அரை மணி நேரம் தனியாக நின்றேன். நீ பக்கத்தில் இருந்தால் ஒன்றும் பேசாமல் நின்றிருப்பாய் என்று தோன்றியது." அந்தக் கடிதம் ஆறு மாதம் என் கைப்பையில் இருந்தது. மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை திறந்திருக்குமா? என் நான்காம் நாள் செவ்வாயில் விழுகிறது. திட்டத்தில் நாள் தவறக்கூடாது. நீ போயிருக்கிறாய் என்பதால் கேட்கிறேன். ஞாபகம் இல்லை என்றால் ஞாபகம் இல்லை என்று எழுது. வேறு கிழமையாக இருந்திருக்கலாம் என்றாலும் சரி. யாரோ சொன்னதை எழுதினேன் என்றாலும் சரி. எதற்கும் கோபப்பட மாட்டேன். இதை நான் எழுதும்போது கோபம் இல்லை என்பதை என் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

தூதரகத்தில் அக்டோபர் முதல் தேதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் உன் பதில் வந்துவிடும்.

சாப்பிடு. காதை மூடிக்கொண்டு தூங்கு. பொய் சொல்லாமல் பதில் எழுது என்று எழுத வந்தேன். சீக்கிரம் பதில் எழுது.

இப்படிக்கு,
உன் தட்டச்சுக்காரி


அக்டோபர் 9

அன்புள்ள உனக்கு,

ஊர்சுற்றி என்று எழுத வரவில்லை. மன்னித்துக்கொள். கல்லூரியில் வகுப்புக்கு வராமல் திரிந்தவனுக்கு வைத்த பெயர் அது. அவன் உண்மையில் திரிந்தான்.

உன் பதில் செப்டம்பர் இருபத்தெட்டாம் தேதி வந்தது. "கட்டாயம் திறந்திருக்கும். செவ்வாய்தான் நல்ல நாள். நான்தான் போயிருக்கிறேனே, என்னைக் கேள்" என்று எழுதியிருக்கிறாய். ஒரு வரி தள்ளி, "டிக்கெட் வாங்கும் இடத்தில் வரிசையே இருக்காது" என்றும்.

இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் முதலாளி எனக்குச் சொல்லிக் கொடுத்தது. "எல்லாம் சரியா இருந்தா யாரோ எழுதிக் கொடுத்ததுன்னு தெரிஞ்சிடும். முதல் தடவை போறவன் ஒரு தப்பாவது பண்ணுவான். நீ ஒண்ணு வை. அதிகாரி கண்டுபிடிப்பான். கண்டுபிடிச்சவனுக்கு ஒரு சந்தோஷம். சந்தோஷமா இருக்கறவன் முத்திரை குத்துவான்." நான் எழுதிய எல்லாத் திட்டத்திலும் ஒரு பிழை இருக்கிறது. விண்ணப்பதாரரிடம் சொல்ல மாட்டோம். சொன்னால் முகத்தில் தெரிந்துவிடும். உன்னிடமும் சொல்லவில்லை. உனக்கு நடிக்க வராது என்று நம்பியிருந்தேன்.

உன் திட்டத்தில் நான் வைத்த பிழை, செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகம். அது அன்று மூடியிருக்கும். உன் நேர்காணல் நாளில் தூதரகத்தில் நல்ல கும்பல். யாரும் தாளைப் பார்க்கவில்லை. மூன்று நிமிடத்தில் வெளியே வந்தாய். பிழை பயன்படாமல் உன்னோடு பயணம் போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கடிதங்களைப் படித்தபோதே இடறியது. திங்கட்கிழமை அலுவலகக் கோப்பிலிருந்து உன் திட்டத்தின் கார்பன் பிரதியை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நீ ஊர் பார்த்த வரிசையும் நான் தட்டச்சு செய்த வரிசையும் ஒன்று. நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு ஏழு நிமிட நடை என்று எழுதியிருக்கிறாய். அந்த ஏழு நிமிடம் நான் வரைபடத்தில் நூல் வைத்து அளந்தது. நடந்து பார்த்தவனுக்கு ஐந்தோ பத்தோ ஆகியிருக்கும்.

அப்போதும் ஒரு நம்பிக்கை இருந்தது. புத்தகம் பழையது, தவறாக இருக்கலாம். அதனால்தான் கேட்டேன். ஞாபகம் இல்லை, வேறு கிழமை, யாரோ சொன்னது என்று மூன்று கதவைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்டேன். நீ ஒன்றிலும் வெளியே வரவில்லை.

உன் பதில் வந்த உறையில் தடியன் ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தான். நீ பார்த்திருக்க மாட்டாய். "அண்ணி, வராதீங்க. அவன் இந்த ஊர்ல இல்ல. வந்த மூணாம் நாளே போயிட்டான். நல்லா இருக்கான், அது சத்தியம். எங்கன்னு மட்டும் கேக்காதீங்க." அவனைத் திட்டாதே. ஆறு வருடம் சுமந்தவனுக்குக் கை வலித்திருக்கும்.

அத்தையிடம் படித்துக் காட்டினேன். மறைக்கலாம் என்று நினைத்தேன். என் முகத்தைப் பார்த்துக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள், எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாமல் திருப்பிக் கொடுத்தாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்: "இருக்கான்ல. எனக்கு அது போதும். உனக்குப் போதுமான்னு நீதான் சொல்லணும்." பிறகு காய்ந்த துணிகளை மடித்தாள். உன் பழைய சட்டை ஒன்றையும் மடித்தாள். அது காயப் போட்ட துணி இல்லை. பெட்டியில் இருந்தது.

இருந்தும் தூதரகத்துக்குப் போனேன். ஏன் என்று கேட்காதே. வரச் சொல்லியிருந்தார்கள், போனேன்.

அதற்கு முந்தின நாள் முதலாளி என் திட்டத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார். "தப்பு எங்கம்மா?" என்றார். வைக்கவில்லை என்றேன். "நானூறு பேருக்கு வெச்சவ, உனக்கு வெச்சுக்க மாட்டேங்கறியே" என்று தலையில் அடித்துக்கொண்டார். வைக்கத் தோன்றவில்லை. உன்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகும், இதை நான் சரியாக எழுதினால் நீ அங்கே இருப்பாய் என்று ஏதோ ஒரு புத்திகெட்ட மூலை நினைத்திருக்கிறது. அருங்காட்சியகத்தைப் புதன்கிழமைக்கு மாற்றி வைத்திருந்தேன். அவர் தட்டச்சு இயந்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, அந்தப் பக்கத்தை மறுபடி அடித்தார். செவ்வாய்க்கிழமை, அருங்காட்சியகம். "என் ராசியான தப்பு" என்றார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதிகாரி ஒரு பெண், அந்த ஊர்க்காரி. என் வயதுதான் இருக்கும். ஜலதோஷம்; மேசையில் காகிதக் கைக்குட்டைகள் குவிந்திருந்தன. தாளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்து நான்காம் நாளில் நிறுத்தினாள். முகம் மலர்ந்தது. முதலாளி சொன்னது அப்படியே நடந்தது. செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும் என்றாள். எப்போதுமா என்று கேட்டேன். எப்போதும் என்றாள். மூன்று நான்கு வருடங்களுக்கு முன்னால்கூடவா என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவளையும் தோழிகளையும் ஆசிரியர் ஒரு செவ்வாய்க்கிழமை அழைத்துப்போய், பூட்டிய வாசலைக் காட்டித் திருப்பி அழைத்து வந்தாராம். நானும் சிரித்தேன். சரியான நேரத்தில் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவள் தன் பேனாவால் செவ்வாயை அடித்துப் புதன் என்று எழுதினாள். நல்ல நாளாக அமையட்டும் என்றாள்.

விசா கிடைத்துவிட்டது. அக்டோபர் இருபது முதல் இருபத்தேழு வரை.

அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். முதலாளி, "நீ திரும்பி வரலேன்னாலும் கோவிச்சுக்க மாட்டேன்மா" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். நான் போய் உன்னோடு தங்கிவிடுவேன் என்று உறுதியாக நம்புகிறார். ஸ்டுடியோக்காரர், "ரெண்டு பேரும் ஆத்துப் பாலத்துல நின்னு ஒரு படம் எடுத்துட்டு வா, ஷோகேஸ்ல வைக்கிறேன். வெயில்ல எடுக்கணும், சொல்லிட்டேன்" என்றார். தலையாட்டினேன். "உறவினர் இல்லை" என்று பொய் எழுதிக் கொடுத்தேன். அந்த விண்ணப்பத்தில் அது ஒன்றுதான் உண்மையோ என்னவோ. நீ அந்த நாட்டிலாவது இருக்கிறாயா?

என் கோபம் எதற்கு என்று யோசித்தேன். பொய் சொன்னதற்கு இல்லை. பொய்யை என் சொற்களாலேயே சொன்னதற்கும் இல்லை; உனக்குக் கைக்குக் கிடைத்த தாள் அது ஒன்றுதான். நான் ஆறு வருடம் உன் கண்ணால் ஓர் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ இருந்த இடத்தில் உன்னை ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு எழுதிக்கொண்டிருந்த ஆறு வருடமும் நீ தனியாக இருந்திருக்கிறாய். அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

பிறகு ஒரு வேலை செய்தேன். நாற்பத்தொரு கடிதத்தையும் மறுபடி எடுத்து, என் திட்டத்தில் இல்லாத வரிகளை மட்டும் தனித் தாளில் எழுதினேன். வேலை அதிகம் என்பதை விட்டுவிட்டேன். நலம் என்பதை விட்டுவிட்டேன். மிஞ்சியது பதினொரு வரி.

இங்கே தரை எப்போதும் ஈரம்.

கையுறை கிழிந்துவிட்டது, ஒரு கைக்கு மட்டும்.

இன்று ஒரு பறவை உள்ளே வந்துவிட்டது, வெளியே போக அதற்கு வழி தெரியவில்லை.

பக்கத்தில் படுப்பவன் பெயரை இன்னும் சரியாகச் சொல்ல வரவில்லை.

மற்றவற்றை எழுதவில்லை, உனக்கே தெரியும். இவை எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் கிடையாது. இவற்றை நீ கவனிக்காமல் எழுதியிருக்கிறாய். ஆறு வருடத்துக்குப் பதினொரு வரி. அந்தத் தாளை வைத்துக்கொண்டு நேற்று மதியம் முழுவதும் ஓர் ஊரைக் கட்டிப் பார்த்தேன். மீன் கூடமா? காய்கறிக் கிடங்கா? துணி வெளுக்கும் இடமா? பூட்டிய இடமா? ரயிலா, பேருந்தா, எத்தனை நிமிட நடை? நூலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எனக்கு அந்தத் தலைநகரம் வேண்டாம். இந்தப் பதினொரு வரி இருக்கும் ஊரைப் பார்க்கத்தான் ஆசை. அங்கே பார்க்க ஒன்றும் இல்லை என்பாய். அந்த ஒன்றும் இல்லாததை ஆறு நாள் பார்ப்பேன். காலையில் ஈரத் தரை, மாலையில் வெள்ளைச் சுவர்.

ஆனால் நாட்களை எண்ணிப் பார்த்தேன். இந்தக் கடிதம் தடியன் கைக்குப் போகப் பன்னிரண்டு நாள். அவனிடமிருந்து உன்னிடம் வர எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. நீ உடனே எழுதினாலும் அது இங்கே வரும்போது நவம்பர். விசா அக்டோபர் இருபத்தேழோடு முடிகிறது. அவன் அறையில் தொலைபேசி இல்லை. ஒரு திட்டத்தில் இப்படி ஒரு தப்பு இருந்தால் எந்த அதிகாரிக்கும் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்காது.

அதனால் வரமாட்டேன். விமான டிக்கெட்டுக்குச் சொல்லி வைத்திருந்ததை இன்று காலை ரத்து செய்துவிட்டேன். முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. இருபதாம் தேதி காலையில் வழக்கம்போல வேலைக்குப் போய் உட்காரும்போது தெரிந்துகொள்ளட்டும். இனி ஒருமுறை விண்ணப்பித்தால், கொடுத்த விசாவைப் பயன்படுத்தாதவள் என்று பார்ப்பார்கள். மறுபடி கிடைக்காது என்று மற்றவர்களுக்குச் சொல்லும் அதே குரலில் எனக்கும் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணமா, தபாலா என்று முதல் கடிதத்தில் கேட்டேன். அந்தக் கேள்வியை நீ எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு நேரில்தான் பதில் சொல்ல முடியும். கடிதத்தில் கேட்கக்கூடியதை மட்டும் கேட்கிறேன்.

எப்போது முடிகிறதோ அப்போது ஒரே ஒரு வரி எழுது. பார்க்காத ஊரைப் பற்றி வேண்டாம். எங்கே இருக்கிறாய் என்றும் வேண்டாம், அது உன்னால் முடியாத காரியமாக இருக்கலாம். இப்போது நிமிர்ந்து பார்த்தால் உன் எதிரில் என்ன இருக்கிறது, அதை எழுது. ஒரு வாளி என்றால் வாளி. பன்னிரண்டாவது வரியாகச் சேர்த்துக்கொள்வேன்.

அத்தை தன் பங்குக்கு எழுதச் சொல்கிறாள்: "சாப்பிட்டியான்னு கேளு, வேற ஒண்ணும் கேக்காதே." சாப்பிட்டாயா?

எனக்கு ஆசீர்வாதம் செய்யத் தெரியாது. உன்னைவிட மூன்று மாதம் சின்னவள் வேறு. இருந்தாலும் செய்கிறேன். நீ எந்த ஊரில், எந்த அறையில் இருந்தாலும், அதன் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கட்டும். அதை நீயே போட்டுக்கொள்ளவும், நீயே திறந்துகொள்ளவும் முடியட்டும்.

இப்படிக்கு,
உன் மனைவி